வயர் எவ்வளவு தாங்கும்?

தாயில்பட்டியிலோ வெம்பக்கோட்டையைச் சுற்றியுள்ள வேறு ஊர்களிலோ பட்டாசு ஆலைக்குப் போகிறவர் யாரையும் கேட்டுப் பாருங்கள். ஒரு அறைக்கு நான்கு பேர்தான், ஒரு வேளைக்கு இவ்வளவு மருந்துதான் என்ற கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மருந்து அறைக்குள் மின்விளக்கு கிடையாது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை. உள்ளே போகுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரத்தை மண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் 35-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இன்னொரு பெரிய விபத்து. இப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் பேசுவது ஒன்றைத்தான். அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு மருந்து இருந்தது?

அதே ஆட்கள் மாலையில் திரும்பி வரும் வீட்டில், ஒரே பிளக்கில் மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், இரண்டு செல்போன் சார்ஜர் தொங்குகின்றன. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. சென்ற கோடையில் அடுப்படி சாக்கெட்டின் வெள்ளை முகப்பில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. இண்டக்ஷன் அடுப்பு ஓடும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. அதற்குப் பிறகுதான் வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டோம். இரண்டு நாள் அவர் கூடவே நின்று, கேட்டுக் குறித்துக்கொண்டதை எழுதுகிறேன். வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால், அரைகுறையாக முடித்துவிட்டுப் போக யாராலும் முடியாது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் மாற்றுவதை வீட்டுக்காரர் செய்துகொள்ளலாம். புதிதாக ஒரு பாயிண்ட் சேர்ப்பது வேறு கணக்கு. இருக்கும் அமைப்பில் எதைக் கூட்டினாலும் மாற்றினாலும் உரிமம் பெற்றவர் மூலம்தான் செய்ய வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே சொல்லியிருந்தன. அதன் இடத்துக்கு வந்த மத்திய மின்சார ஆணையத்தின் விதிமுறைகளும் அதையேதான் சொல்கின்றன. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேன்களுக்குத் தகுதிச் சான்றிதழும் ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமமும் தருகிறது. கூப்பிடும்போதே சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

எங்கள் வீடு தொகுப்பு வீடு. கட்டியபோது அறைக்கு ஒரு விளக்கு, ஒரு ஃபேன், கூடத்தில் ஒரு பிளக், அடுப்படியில் ஒரு பிளக் என்று வயர் இழுத்திருந்தார்கள். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிது. குடிசைகளுக்கு ஒற்றை விளக்கு இணைப்புதான் இருந்தது. 2006 செப்டம்பரில் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வரத் தொடங்கியது. 2011 செப்டம்பர் முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. 2016-இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாயிற்று. நாள் முழுக்க ஆலையில் குனிந்திருந்துவிட்டு வந்து அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் மறுபடி குனிந்த பெண்களுக்கு இதெல்லாம் எவ்வளவு பெரிய உதவி என்பதை என் அம்மாவைப் பார்த்து அறிந்தவன் நான். சாமான்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சுவருக்குள் ஓடிய வயர் மட்டும் பழைய வயராகவே இருந்தது. தெருவில் எங்கள் வரிசையில் உள்ள பல வீடுகளுக்கும் இதுதான் நிலைமை.

அண்ணன் வந்ததும் பெட்டியைத் திறக்கவில்லை. "வீட்டுல திரி, மருந்து ஏதும் இருக்கா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். "காகிதம்?" அம்மா வீட்டிலேயே சுற்றி வைத்திருந்த காகிதக் குழாய்க் கட்டுகள் அதே அடுப்படிச் சுவரை ஒட்டித்தான் அடுக்கியிருந்தன. எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுத் திண்ணைக்கு மாற்றச் சொன்னார். அவை போன பிறகுதான் காலணியைக் கழற்றி உள்ளே வந்தார். உரிமம் இல்லாமல் வீட்டில் பட்டாசு மருந்தோ திரியோ வைத்திருப்பது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் வைத்திருக்கிற வீடு இருந்தால், அந்த வீட்டில் சுவரைத் துளைக்கும் வேலையை யாரும் தொடங்கக் கூடாது. இன்னொன்றும் சொன்னார். ஆலையிலிருந்து வந்த உடனே, உடம்பெல்லாம் அலுமினியத் தூளோடு போர்டில் கை வைக்க வேண்டாம். அது உலோகத் தூள், கரண்டைக் கடத்தும், நெருப்பும் பிடிக்கும். குளித்துவிட்டு வந்து ஸ்விட்ச் போடுங்கள் என்றார்.

பிறகு ஒரு தாளும் பேனாவும் கேட்டார். வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானையும் திருப்பிப் பார்த்து, அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள வாட் எண்ணை எழுதச் சொன்னார். மிக்சி 500. கிரைண்டர் 150. ஃபிரிட்ஜ் 150. அயர்ன் பாக்ஸ் 1000. இண்டக்ஷன் அடுப்பு 2000. வாட்டை 230-ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் என்று வந்துவிடும். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். மிக்சிக்கு 2 ஆம்பியருக்குச் சற்று மேல், அயர்ன் பாக்ஸுக்கு 4-க்கு மேல், இண்டக்ஷனுக்கு 9-க்குச் சற்றுக் குறைவு. அடுப்படி லைனில் எல்லாம் ஒன்றாக ஓடினால் 3800 வாட், அதாவது பதினாறரை ஆம்பியர். ஃபிரிட்ஜின் மோட்டார் கிளம்பும் நொடியில் அதன் வழக்கமான அளவைப்போலச் சில மடங்கு இழுக்கும், அது தனி.

மெயினை நிறுத்திவிட்டு அடுப்படி போர்டைக் கழற்றினார். உள்ளே ஓடியது 1 சதுர மில்லிமீட்டர் வயர். சுவருக்குள் பைப்பில் அடைபட்டுக் கிடக்கும்போது அது சுமார் 10 ஆம்பியர் தாங்கும். பிளக்கின் முகப்பில் போட்டிருந்தது 6 ஆம்பியர். அதில் பதினாறு ஓடியிருக்கிறது. அப்படியானால் ஃபியூஸ் ஏன் போகவில்லை? மீட்டர் போர்டிலிருந்து பீஸ் கட்டையை உருவிக் காட்டினார். ஒரு இழை இருக்க வேண்டிய இடத்தில் நான்கைந்து செம்பு இழைகளை முறுக்கிக் கட்டியிருந்தது. எப்போதோ அடிக்கடி பீஸ் போகிறது என்று யாரோ செய்த வேலை. எங்கள் வீட்டில்தான் யாரோ. அன்றிலிருந்து அந்த லைனுக்குக் காவல் இல்லாமல் போய்விட்டது. வயர்தான் சூடேறித் தன்னைக் காட்டிக்கொண்டிருந்தது.

இந்தச் சூட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. ஓடும் கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது. அதனால்தான் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் கொஞ்சம்தானே சூடாகும் என்ற நினைப்பு ஆபத்தானது. வயரின் மேல் இருக்கும் சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வெப்பத்துக்கு மேல் தொடர்ந்து தாங்காது. முதலில் இறுகும், பிறகு வெடிக்கும், ஒருநாள் உள்ளே இருக்கும் இரண்டு வயரும் ஒன்றையொன்று தொடும். ஃபியூஸோ எம்.சி.பி.யோ அந்த வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 10-ஐ எடுத்துவிட்டு 32-ஐ மாட்டுகிறவர்கள், நெருப்பு பற்றினாலும் மணி அடிக்காத ஏற்பாட்டைக் காசு கொடுத்துச் செய்துகொள்கிறார்கள்.

இப்போது முடிவெடுக்கும் இடம். வேலையில் முக்கால்வாசி இதுதான் என்பது என் எண்ணம். புது பாயிண்டுக்கு இருக்கிற லைனிலிருந்தே லூப் எடுப்பதா, போர்டிலிருந்து தனி லைன் இழுப்பதா?

லைட் ஃபேன் லைனுக்கு நம் நாட்டு வயரிங் முறையில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு லைனில் 10 பாயிண்டுக்கு மேல் வேண்டாம், 800 வாட்டுக்கு மேலும் வேண்டாம். பெரிய 16 ஆம்பியர் சாக்கெட் என்றால் ஒரு லைனுக்கு இரண்டுக்கு மேல் கூடாது. எங்கள் கூடத்து லைனில் நான்கு எல்.இ.டி. பல்பு, இரண்டு ஃபேன், ஒரு டி.வி. பிளக், ஆக ஏழு பாயிண்ட். எல்லாம் சேர்த்தாலும் 300 வாட்டைத் தொடவில்லை. தங்கை படிக்கும் மூலையில் லேப்டாப்புக்கும் செல்போனுக்கும் இரண்டு சாக்கெட் வேண்டும். ஒன்பது பாயிண்ட், 400 வாட்டுக்குள். இங்கே லூப் எடுக்கலாம் என்றார். ஆனால் அடுப்படிக்கு லூப் என்ற பேச்சே கூடாது. இண்டக்ஷனுக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன், அதற்கு 20 ஆம்பியர் எம்.சி.பி. ஃபிரிட்ஜுக்கும் மிக்சி, கிரைண்டருக்கும் சேர்த்து 2.5 வயரில் இன்னொரு லைன், அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. பழைய 1 சதுர மில்லிமீட்டர் லைன்கள் விளக்கு, ஃபேன், டி.வி., சார்ஜர் போன்ற சின்ன லோடுக்கு மட்டும், 6 ஆம்பியர் எம்.சி.பி.யோடு. அயர்ன் பாக்ஸும் இனி அடுப்படியின் 2.5 லைனில்தான், கூடத்துச் சாக்கெட்டில் கிடையாது. சார்ஜருக்காகப் போட்ட பாயிண்டில் அயர்ன் பாக்ஸைச் சொருகினால் கணக்கெல்லாம் வீணாகிவிடும் என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

வீட்டின் மொத்த லோடு கூடும்போது மின்வாரியத்தில் எழுதியிருக்கும் அனுமதி லோடையும் பார்க்க வேண்டும். அதைத் தாண்டினால் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டுமே.

சாமான் வாங்க சிவகாசிக்குப் போனோம். பழைய கடைகளில் இன்னும் 1/18, 3/20, 7/20 என்று பழைய கேஜ் கணக்கில் சொல்வார்கள். குழம்ப வேண்டாம், சதுர மில்லிமீட்டரில் கேளுங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று சுருளின் மேல் பாருங்கள், வயரின் மேலேயே அளவு அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எஃப்.ஆர். என்று போட்டிருக்கும் வயர், நெருப்பு அதன் வழியே பரவாமல் தடுக்கும். பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்று மூன்று சுருள். ஒரே நிறத்தில் மூன்றும் வாங்கினால் விலை குறையும் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். சாக்கெட்டில் ஷட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். குழந்தை ஆணியையோ கம்பி மத்தாப்புக் குச்சியையோ சொருகினாலும் உள்ளே போகாது.

சுவரில் குறிப்பது அடுத்த வேலை. பைப் ஓடும் வழி நேர் மேலாகவோ நேர் குறுக்காகவோதான் இருக்க வேண்டும், கோணலாகப் போகக் கூடாது. நாளைக்கு ஆணி அடிக்கிறவர் போர்டைப் பார்த்தே வயர் எங்கே ஓடுகிறது என்று ஊகிக்க முடிய வேண்டும். அடுப்படியில் சிங்க்கிலிருந்து தள்ளி, அடுப்புக்கு நேர் மேலே இல்லாமல், மேடைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் பெட்டி வைத்தோம். சிலிண்டர் இருக்கும் மூலையில் தரையை ஒட்டி சாக்கெட் வைக்கக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அங்கே ஸ்விட்ச் போடும்போது வரும் சின்னப் பொறி போதும்.

மின்சாரத்தை நிறுத்துவதில் அவர் காட்டிய நிதானம் எனக்கு ஆலையை நினைவூட்டியது. மெயினை நிறுத்தினார். பீஸ் கட்டையை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேறு யாரும் திரும்பச் சொருகிவிடக் கூடாது என்பதற்காக. இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்டார். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை நிறுத்தினாலும் லைட் லைனில் கரண்ட் இருக்கும், அதைத் தனியே நிறுத்த வேண்டும். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்த்தார், பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பார்த்தார், மறுபடி கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்தார். நடுவில் டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது? டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரும் வைத்துப் பார்த்தார். வேலை காலை ஒன்பதுக்குத் தொடங்கி வெளிச்சம் இருக்கும்போதே நின்றது. செல்போன் டார்ச்சில் வயர் சேர்க்க அவர் சம்மதிக்கவில்லை.

சுவரில் காடி எடுத்து, 20 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப்பைப் பதித்து, ஸ்பிரிங் விட்டு மூன்று வயரையும் ஒன்றாக இழுத்தார். கூடத்தில் சுவரை உடைக்க அம்மா சம்மதிக்காததால் அங்கே சுவரின் மேலேயே பதிக்கும் மூடி போட்ட பட்டை, அதாவது கேசிங் கேப்பிங். இரண்டும் சரிதான். ஒரு விதி மட்டும் இரண்டுக்கும் பொது. வயரில் ஜாயிண்ட் பைப்புக்குள் இருக்கக் கூடாது. பெட்டிக்குள் மட்டும்தான், அதுவும் திறந்து பார்க்க முடிகிற பெட்டிக்குள்.

லூப் எடுக்கும்போது புதியவர்கள் தவறுவது, எங்கிருந்து எடுப்பது என்பதில்தான். கண்ணில் பட்ட ஸ்விட்ச் பெட்டியிலிருந்து எடுத்துவிட முடியாது. ஸ்விட்சில் இரண்டு வயர் இருக்கும். ஒன்றில் எப்போதும் கரண்ட் உண்டு, மற்றதில் ஸ்விட்ச் போட்டால்தான் வரும். இரண்டாவதிலிருந்து எடுத்தால் ஃபேனை நிறுத்தும்போது சார்ஜரும் நின்றுவிடும். தவிர, வெறும் ஸ்விட்ச் மட்டும் இருக்கும் பெட்டியில் பெரும்பாலும் நியூட்ரல் இருக்காது. அது நேராக விளக்குக்குப் போயிருக்கும். ஏற்கெனவே பிளக் இருக்கும் போர்டில்தான் பேஸும் நியூட்ரலும் சேர்ந்து கிடைக்கும். அதனால் டி.வி. போர்டிலிருந்து எடுத்தார். உறையை உரிக்கும்போது உள்ளே இழை அறுபடக் கூடாது என்று கத்தியை விட்டுவிட்டு ஸ்டிரிப்பரைப் பயன்படுத்தினார். 2.5 வயரில் மெல்லிய இழைகள் 36 இருக்கும். ஆறு இழை அறுந்தாலே அந்த இடத்தில் அது ஏறக்குறைய 2 வயர்தான், சூடு அங்கேதான் கிளம்பும். இழைகளை முறுக்கி, மடித்து, ஸ்குருவில் கொடுத்து இறுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். எங்கள் பழைய சாக்கெட் கருகியதற்கு லோடு பாதிக் காரணம், இளகிய ஸ்குரு மீதிக் காரணம் என்று அந்தக் கருகிய துண்டைக் கையில் கொடுத்துக் காட்டினார்.

சாக்கெட்டை முன்னாலிருந்து பார்த்தால் மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த். வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல். பின்னாலிருந்து பார்க்கும்போது இடம் வலம் மாறும் என்பதால் எல், என், ஈ என்ற எழுத்தைப் பார்த்தே கொடுக்க வேண்டும். ஸ்விட்ச் எப்போதும் பேஸில்தான். நியூட்ரலில் ஸ்விட்ச் வைத்தால் சாமான் நிற்கும், ஆனால் அதற்குள் கரண்ட் நின்றிருக்காது.

இனி எர்த். இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

எங்கள் பழைய சாக்கெட்டுகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. முகப்பில் ஓட்டை இருந்தது, வயர் இல்லை. ஃபிரிட்ஜைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததற்கு அர்த்தம் அன்று புரிந்தது. அதற்காகச் சிலர் எர்த் முனையையும் நியூட்ரலையும் சாக்கெட்டிலேயே சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அது கொலைக்குச் சமம். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் வந்து நிற்கும்.

எர்த் வயர் எங்கே போய் முடிகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. தாயில்பட்டிப் பக்கம் கரிசல் மண். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்திருக்கும்போது கரிசல் கரண்டை நன்றாக வாங்கிக்கொள்ளும். பங்குனி, சித்திரையில் அதே மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். எர்த் கம்பியைச் சுற்றிய மண் விலகி இடைவெளி விழும், ஈரம் போகும், தடை ஏறும். மீட்டருக்குப் பக்கத்தில் இரண்டு அடிக் கம்பியை அடித்துவிட்டுப் போன எர்த், கார்த்திகையில் இருக்கும், சித்திரையில் இருக்காது. அதனால் வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளிக் குழி எடுத்து, இரண்டரை மீட்டர் நீள ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றப் புனல் வைத்து மூடினோம். இந்தியத் தர நிர்ணயத்தின் 3043-ஆம் எண் விதித்தொகுப்பு சொல்லும் முறை இது. அந்த ஆழத்தில் கோடையிலும் கொஞ்சம் ஈரம் நிற்கும்.

எர்த்தைச் சோதிக்க பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பைப் பிடித்துப் பார்ப்பது நம் ஊரில் வழக்கம். எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சோதனை போதாது. 40 வாட் குண்டு பல்பு எரியத் தேவை 0.17 ஆம்பியர்தான், எர்த் மோசமாக இருந்து 100 ஓம் தடை காட்டினாலும் பல்பு ஏறக்குறைய முழு வெளிச்சத்தில் எரியும். வயர் எங்கோ மண்ணைத் தொடுகிறது என்பது மட்டும்தான் அதில் தெரியும். உண்மையில் வேண்டியது வேறு. உங்கள் எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜுக்குள் பேஸ் வயர் உரசி உடம்பைத் தொட்டால் 230-ஐ 20-ஆல் வகுத்து, பதினொன்றரை ஆம்பியர் மண்ணுக்கு ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரண லோடு என்றே எடுத்துக்கொள்ளும், விழாது. ஃபிரிட்ஜின் கதவு அப்படியே கரண்டோடு நிற்கும்.

அதனால்தான் அண்ணன் எர்த்தோடு ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் என்றார். போகும் பேஸும் திரும்பும் நியூட்ரலும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு, அதாவது ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, வெளியே எங்கோ கசிந்தாலே நொடிக்கும் குறைந்த நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். அந்தக் கசிவு ஒரு மனிதர் உடம்பு வழியாக இருந்தாலும் சரி. கரிசல் காய்ந்து எர்த் பலவீனமாகும் மாதங்களில் உயிரைக் காப்பது இதுதான். இரண்டு சரவெடிப் பெட்டி வாங்கும் காசு அதற்கு ஆகும் என்று அவர் சொன்ன கணக்கு எங்கள் ஊருக்குச் சட்டென்று புரிகிற கணக்கு. எங்கள் பழைய மரப் பலகையை எடுத்துவிட்டு ஒரு சிறிய இரும்புப் பெட்டி வைத்தோம். அதில் மெயின், அடுத்து 40 ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதற்குப் பின் நான்கு எம்.சி.பி.

கரண்ட் கொடுக்குமுன் மெகர் வைத்துப் பார்த்தார். வயருக்கும் வயருக்கும், வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் கொடுத்து, தடை 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஓரிடத்தில் குறைவாகக் காட்டியது. பின்சுவரில் மழை ஒழுகும் இடத்தில் பழைய வயர் ஈரம் வாங்கியிருந்தது. அந்தத் துண்டை மாற்றிய பிறகே மெயினைப் போட்டார். எந்தச் சாமானும் சொருகாமல் முதலில் ஒவ்வொரு சாக்கெட்டிலும் பேஸ் வலப்பக்கம் வருகிறதா என்று பார்த்தார். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினார், டக்கென்று விழுந்தது. கடைசியாக இண்டக்ஷனில் ஒரு பானைத் தண்ணீரை வைத்து அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, சாக்கெட்டின் முகப்பில் புறங்கையை வைத்துப் பார்த்தார். என்னையும் வைக்கச் சொன்னார். சூடு இல்லை.

காடியைச் சிமெண்ட் வைத்து மூடுமுன் பைப் ஓடிய வழியை நாலு படம் எடுத்து வைத்தேன். எந்த எம்.சி.பி. எந்த லைனுக்கு என்று பெட்டிக் கதவின் உள்பக்கம் தங்கை தமிழில் எழுதி ஒட்டினாள். காகிதக் குழாய்க் கட்டுகள் மறுபடி அந்தச் சுவரோரம் போகவில்லை. கூடத்தில் போர்டு இல்லாத பக்கம் இருக்கின்றன.

சித்திரை பிறக்கும்போது உங்கள் எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். அது விழவில்லை என்றால் அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள்.